இரண்டாவது பொத்தானருகே ஒரு கறை

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயதில் அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வரும். "வளர்ற வயசு, தானா நின்னுடும்" என்றார் டாக்டர். அவள் அம்மாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அவளுடைய பள்ளிச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்து வந்த சட்டையில் இரண்டாவது பொத்தானருகே லேசான சிவப்புக் கறை தெரிந்தது. மறுநாள் வகுப்பில் ரத்தம் சரியாக அதன்மேல்தான் சொட்டியதாம். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் கறையைக் கண்டதும் சோப்புப் போட்டுக் கசக்கிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை ரத்தம் வரவில்லை.

"என்ன மாயம் பண்ணீங்க பெரியவரே?" என்றாள் அவள் அம்மா.

"சோப்புதாம்மா."

அதிலிருந்து வாரந்தவறாமல் கசக்குகிறேன். நாலு வருஷமாகிவிட்டது.

நேற்று அந்த அம்மா சட்டையைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "இன்னும் இதே சட்டைதான் அவளுக்குச் சரியா இருக்கு பெரியவரே. கூடப் படிக்கிறதுங்க எல்லாம் எப்படி வளந்து நிக்குதுங்க! பயமா இருக்கு."

"சாப்பாட்டைக் கவனிம்மா" என்றேன்.

அவள் போனதும் சட்டையை விரித்தேன். கறை இருந்தது. சோப்பு மேல்தட்டில் இருக்கிறது. முன்பெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுப்பேன். எழுபத்திரண்டு வயதில், இப்போது நின்ற இடத்திலிருந்தே எட்டுகிறது.