சாயா பெலும் மாக்கான்

முக்கால் மணி நேரமாகக் காக்காய் வரவில்லை.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இலை விரித்து, சோறு, பருப்பு, வடை, பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. சிவனாண்டி தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். தம்பி தங்கச்சாமிக்கு இன்றைக்குப் பதினாறாம் நாள். அவன் காக்காயாக வந்து ஒரு வாய் எடுத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்கலாம்.

செத்தவனுக்கு என்ன குறையோ என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். என்ன குறை என்று எல்லாருக்கும் தெரியும். அது மாடிப்படி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது.

இந்தோனேசியாவிலிருந்து வந்தவள். காலையில்தான் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலையைச் சுற்றித் துணி, கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பெண் குழந்தை. கோவில்பட்டி விலாசம் எழுதிய தாளை நீட்டினாள். தங்கச்சாமியின் கோழிக்கிறுக்கல். அங்கே நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன், மாரடைப்பில் போய் ஊருக்குப் பெட்டியில் வந்தான். இவள் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

செல்போனில் நாலைந்து போட்டோ காட்டினாள். மில் சட்டையோடு தங்கச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் இந்தக் குழந்தை. முன்னால் தட்டு நிறையச் சோறு, பொரித்த மீன். படத்துக்குப் படம் குழந்தை வளர்ந்தது. தட்டும் ஜன்னலோரத்து உச்சி வெயிலும் மாறவில்லை.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் நெற்றிச் சுழி அச்சு அசல் அவன்தான்.

தங்கச்சாமியின் மனைவி முத்துச்செல்வியும் அந்தப் படங்களைப் பார்த்தாள். பதினாறு நாளாக அழுத கண்ணீரையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொண்டிருப்பாள். அவனை நினைத்தால் அருவருப்பு. இந்தச் சொந்தக்காரக் கூட்டத்தைப் பார்த்தால் அதற்கு மேல் அருவருப்பு. சின்னப் பிள்ளை காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறது, உட்கார் என்று சொல்ல ஒரு நாதியில்லை. காக்காயை மட்டும் வருந்தி வருந்திக் கூப்பிடுகிறார்கள், கருமம்.

சிவனாண்டி பக்கத்தில் வந்தார்.

"செல்வி, உனக்குத்தான அவ பாஷை தெரியும். என்ன வேணும்னு கேளு. கரிசக்காட்டுல பங்குன்னு மட்டும் சொல்லட்டும், சாயங்கால ரயிலுக்கே ஏத்தி விட்டுருதேன்."

பாஷை எங்கே தெரிந்தது. ஏழு வருஷத்தில் அவன் போனில் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு வாக்கியம் தெரியும். சாயா பெலும் மாக்கான்.

சாயான்னா டீல்லா என்று முதல் நாள் சிரித்தாள். இல்லை, சாயான்னா நான் என்றான். மாக்கான்னா சாப்பிடுறது. நான் சாப்பிட்டாலும் மாக்கான், அவள் சாப்பிட்டாலும் மாக்கான். நேற்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று நம்மைப் போல வால் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டாம். சாப்பிட்டாயிற்று என்றால் முன்னால் சுடா போட்டுக்கொள்ள வேண்டியது. இன்னும் இல்லை என்றால் பெலும். முடிந்தது இலக்கணம்.

எங்க வீட்டு அவிய அந்த ஊர் பாஷையை வெளுத்து வாங்குதாவ என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவிய என்றுதான் சொல்வாள். அவன் என்ற சொல் புருஷனைப் பற்றி அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

முத்துச்செல்வி படிப்பக்கம் போனாள். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. சும்மா முன்னால் போய் நின்றாள். வந்தவள் சுவரிலிருந்த இலையைப் பார்த்தாள், குழந்தையின் தலையில் கையை வைத்தாள்.

"அனாக் சாயா பெலும் மாக்கான்."

ஒரு சொல்தான் புதிது. தலையில் வைத்த கை அதற்கும் அர்த்தம் சொல்லிவிட்டது. நாம் என் பிள்ளை என்போம், அவர்கள் பிள்ளையை முன்னால் வைத்து என்னைப் பின்னால் வைப்பார்கள் போலிருக்கிறது. என் பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை.

"பங்குதான கேக்கா?" என்றார் சிவனாண்டி.

ஆமா என்று தலையாட்டினால் போதும். பிடரியில் கை வைத்துத் தள்ள நாலு பேர் தயாராக நின்றார்கள். மறுத்துச் சொல்ல இங்கே வேறு யாருக்கும் இந்தப் பாஷை தெரியாது. ஆமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பெலும் மாக்கான்.

ஏழு வருஷமாகத் தினமும் மத்தியானம் போனில் அவன் சொன்னது. வேலை ஓயல, இன்னும் சாப்பிடல என்று வாய் கூசாமல் சொல்வான். அவிய பட்டினி கிடக்கையில எனக்கென்ன சோறு என்று அவள் போட்ட தட்டை மூடி வைப்பாள். மூணு மணிக்கோ நாலு மணிக்கோ சுடா என்று மெசேஜ் வரும். அதற்குப் பிறகுதான் தட்டைத் திறப்பாள். அப்படிக் காய்ந்து காய்ந்து வந்த அல்சருக்கு இன்றைக்குக் காலையிலும் மாத்திரை போட்டிருக்கிறாள். அங்கே அவன் பிள்ளையை மடியில் வைத்து, முள் எடுத்து மீன் ஊட்டி, தானும் தின்று ஏப்பம் விட்டுத்தான் போனை எடுத்திருக்கிறான்.

செத்த பிறகும் பார், அவன் சாப்பிட்டால்தான் இவள் சாப்பிட வேண்டும். சீ.

முத்துச்செல்வி விறுவிறுவென்று நடந்தாள். கைப்பிடிச் சுவரிலிருந்த இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து குழந்தையின் முன்னால் தரையில் வைத்தாள். குழந்தையைக் கொஞ்சவுமில்லை, அதன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவுமில்லை. குழந்தை ஒரு வடையை எடுத்துக் கடித்தது.

"ஏளா, என்ன காரியம் பண்ணுத. காக்கா இன்னும் எடுக்கலைல்லா," என்று சிவனாண்டி பதறினார்.

"எடுத்துட்டான்," என்றாள் முத்துச்செல்வி. "பந்தியப் போடுங்க, எனக்குப் பசிக்குது."