பாக்கெட்டில் நான்கு பலூன்

ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்க வகுப்பறைக்கு வெளியே காத்திருந்தபோது, ஆசிரியர் பயிற்சியில் கூடப் படித்த தொப்பை நண்பன் கிசுகிசுத்தான்.

"மச்சான், காற்றுப் பாடத்துக்குப் பலூன் எடுத்துட்டு வர மறந்துட்டேன். உன்கிட்ட இன்னொண்ணு இருக்குமா?"

படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கி, அதையே பட்டப்பெயராகவும் சம்பாதித்திருந்தவரின் பாக்கெட்டில் நான்கு இருந்தன. ஆனால் இந்த வேலையும் கைநழுவினால் நாளை முதல் மாமனாரின் செருப்புக் கடையில்தான் உட்கார வேண்டும்.

"ஒண்ணுதான்டா இருக்கு," என்றார் கூசாமல்.

நண்பன் வெறுங்கையோடு உள்ளே போய், வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான். அடுத்து தங்கப் பதக்கம் கம்பீரமாக நுழைந்து, பலூனை ஊதித் தூக்கிப் பிடித்தார்.

"குழந்தைகளே, இதுக்குள்ள என்ன..."

"காத்து சார்."

"காத்துக்கு..."

"எடை உண்டு சார்."

"இப்ப ஒரு ஊசியை..."

முதல் பெஞ்சு காதைப் பொத்திக்கொண்டது.

தங்கப் பதக்கத்துக்குப் புல்லரித்தது. கேள்வி முடியும் முன்பே பதிலை வரவழைக்கிறவன்தானே பிறவி ஆசிரியன்?

"எப்படி சார் நம்ம வகுப்பு?"

பின்வரிசையில் இருந்த தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையிலேர்ந்து நீங்க பதினோராவது பலூன், தம்பி."

"அப்ப வேலை..."

"உங்களுக்கு முன்னாடி வந்தவருக்கு. பலூன் கேட்டும் கிடைக்கலைன்னு, தன் கன்னத்தையே உப்பிக் காட்டிப் பாடத்தை முடிச்சுட்டாரு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

பிறகு மனம் நெகிழ்ந்து சொன்னார்:

"அவருக்குப் பலூன் கொடுக்காத புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கணும்."