கல் தெறித்த இடங்கள்

காரின் பானெட்டில் கடைசி மூலையிலும் டேப் ஒட்டியாயிற்று. அம்மாவுக்கு இன்னும் திருப்தி இல்லை.

சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் ஓரங்களில் ஒட்டுவார்களே, அந்த நீல டேப். பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தகடு. சிவப்பு வண்டி பாதி நீலமாகிவிட்டது.

பந்தயத் தடத்தில் முன்னால் போகிற வண்டியின் டயர் பொடிக்கற்களை வாரி அடிக்கும். பெயிண்ட் போய்விடக் கூடாது என்று, சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க இங்கே வருகிறவர்கள் ஒரு அடுக்கு ஒட்டுவார்கள்.

அம்மா மகளை மூன்று அடுக்கு ஒட்டச் சொன்னாள்.

பக்கத்து வண்டிக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அண்ணன் ஒரு நாளும் டேப் ஒட்டியதில்லை. ஞாயிறு சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது பானெட்டில் புதிதாகப் புள்ளிகள் விழுந்திருக்கும். சிவப்பு தெறித்துப்போய் உள்ளே சாம்பல் தெரியும். இந்த வண்டியிலா உனக்குப் பெண் பார்க்கப் போவது என்று அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். அவன் இளித்துக்கொண்டே சாப்பிட உட்காருவான்.

பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வண்டியைத் துடைப்பது அம்மாதான். முன்பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று வந்த மெக்கானிக்கைக் கேட்டோடு திருப்பி அனுப்பினாள். ஈரத்துணி அந்தப் புள்ளிகளுக்கு வரும்போது அவள் கை மெதுவாகும்.

இங்கே வரவேண்டும் என்று கேட்டவள் மகள். ஒரே ஒரு தடவை, அண்ணன் வண்டியில், அண்ணன் ஓட்டிய இடத்தில். அவன் இருந்தபோது எத்தனையோ முறை கூப்பிட்டான். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்றே தட்டிக்கழித்தாள்.

அம்மா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் சொன்னாள்.

“ஓட்டிக்கோ கண்ணு. ஆனா புதுசா ஒரு புள்ளிகூட விழக் கூடாது. விழுந்துச்சுன்னா எது அவனுதுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்.”

கொடி அசைந்தது.

மகள் எல்லோரையும் முன்னால் போகவிட்டாள். பின்னால் யார் வந்தாலும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போங்கள் போங்கள் என்றாள். முன்னால் வண்டி இருந்தால்தானே கல்? ஓரத்துப் பொடிமண் பக்கமே போகவில்லை. வளைவில் பிரேக். நேர்ப்பாதையிலும் பிரேக். அவிநாசி ரோட்டில் காய்கறி வாங்கப் போகும்போதுகூட அவள் இதைவிட வேகமாகப் போயிருக்கிறாள்.

இங்கே எங்காவது அண்ணன் கிடைப்பான் என்று நினைத்திருந்தாள்.

கிடைக்கவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் அம்மா ஓடிவந்தாள். குனிந்து, மூக்கு முட்டுகிற தூரத்தில் டேப்பைப் பார்த்தாள். தடவித் தடவிப் பார்த்தாள். கிழிசல் இல்லை. கறுப்புத் தீற்றல் இல்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று மகள் நினைத்தாள்.

அம்மா நிமிர்ந்தாள். முகம் சரியில்லை.

“வண்டி ஓட்டுனியா, தேர் இழுத்தியா?”

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் முகப்பில் டேப் கந்தலாகித் தொங்கியது. ரப்பர் துணுக்குகள் அப்பிக் கிடந்தன. அதை ஓட்டிவந்த இளைஞன் சட்டை நனைய வியர்த்து, கூட வந்தவனிடம் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சொல்லி முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தான்.

அம்மா அவனையே பார்த்தாள்.

இந்த இடத்துக்கு அம்மா ஒரு நாளும் வந்ததில்லை. வீட்டு வாசலில் நின்று புள்ளிகளைத்தான் பார்த்திருக்கிறாள். அண்ணன் இங்கே வந்து இறங்கும்போது எப்படி இருந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியாது.

சட்டென்று திரும்பி, பானெட்டில் ஒரு டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினாள்.

“அம்மா, மெதுவா…”

அதற்குள் இழுத்துவிட்டாள்.

பழைய புள்ளி ஒன்றின் விளிம்பு பெயர்ந்து டேப்போடு வந்துவிட்டது. ஒரு பொட்டு அளவு சிவப்பு. வண்டியில் அண்ணனின் புள்ளி அடையாளம் தெரியாமல் அகன்று கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா தன் கையாலேயே அழுத்தித் தேய்த்து ஒட்டிய இடம் அது.

அம்மா உடைந்துபோவாள் என்று மகள் அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

அம்மா அழத்தான் செய்தாள். அழுதுகொண்டே அடுத்த டேப்பையும் உரித்தாள். அதற்கடுத்ததையும். எங்கே பெயர்கிறது, எங்கே பெயரவில்லை என்று பார்க்கவில்லை. முகப்பு முழுவதும் சிவப்பாகும்வரை அவள் கை நிற்கவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு அழைத்தார்கள்.

அம்மா மகளின் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

நேர்ப்பாதையில் ஒரு வெள்ளை வண்டி தாண்டிப் போனது. அவள் விடவில்லை. அதன் பின்னாலேயே வளைவுக்குள் நுழைந்தாள். பொடிக்கற்கள் கிளம்பி வருவது முன்கண்ணாடியில் தெரிந்தது.

டக்.

எங்கே பட்டது என்று அவள் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு, அண்ணா என்று கத்தினாள்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.