தூக்கிக் கட்டிய பிக்கப்

நாகல் நகர் ஒர்க்‌ஷாப்பில் நின்ற தன் பிக்கப்பைப் பார்த்ததும் வேலுசாமிக்குக் கொதித்தது. வண்டியை உயர்த்தி, பெரிய டயர் மாட்டியிருந்தார்கள்.

"பூ மூட்டை ஏத்துற வண்டி பாய் இது. இம்புட்டு ஒசரத்துக்கு எவன் ஏத்துவான்? யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"வண்டி ஓட்டுறவங்கதாண்ணே சொன்னாங்க," என்றார் மெக்கானிக் ஹஸ்ஸான்.

"எல்லாம் பவுசு. செம்பட்டி ரோட்டுல போறவன் வாறவன் திரும்பிப் பாக்கணும், அதான? இறக்குங்க பாய்."

டிரைவர் சீட்டிலிருந்து அவர் மகள் தமிழ்மதி குதித்தாள்.

"இறக்குனா நாளைலருந்து நீங்களே ஓட்டுங்கப்பா."

"எதுக்குடி இந்த வேலை?"

"மார்க்கெட்ல வண்டிய நிறுத்துனதும் வெலை கேக்குற சாக்குல ஜன்னல் வழியா கைய உள்ள விடுறானுங்க. மேல படுது. உங்ககிட்ட சொன்னா அவனுங்களக் கேக்க மாட்டீங்க. எங்கிட்ட இருந்து சாவியப் புடுங்குவீங்க. அதான் நானே வண்டியத் தூக்கச் சொன்னேன்."

வேலுசாமி ஜன்னலருகே போய்க் கையை உயர்த்தினார். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

"பாய்," என்றார், பல்லைக் கடித்தபடி. "இன்னும் கொஞ்சம் தூக்குங்க."