வாய் அகலமா ஒண்ணு

“உங்களுக்குக் கை இல்லையா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது லொரெய்னுக்கு. வாடிக்கையாளர் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டாள்.

இங்கிலாந்துக் கடலோர ஊரான ஃப்ளீட்வுட்டில் பதினோரு வருஷமாக வேப் என்கிற மின்சிகரெட் கடை நடத்துகிறாள். சிகரெட்டை விட்டுவிட்டு ஆவி இழுக்க வருகிறவர் யாராயிருந்தாலும் சரி, இன்ன ஆளுக்கு இன்ன வேப் என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவாள். இந்த வில்ஃப் கிழவர் வந்துதான் முக்கால் மணி நேரமாகிறது.

“இருக்கறதைவிட ஒரு படி நல்லதா வேணும்மா. நாப்பது பவுண்டுக்கு மேல தாங்காது” என்றுதான் ஆரம்பித்தார்.

“நாப்பதுக்கு ஜோரா கிடைக்கும் ஐயா. இதைப் பாருங்க, ரெண்டு நாளைக்கு சார்ஜ் நிக்கும்.”

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் நாற்காலியில் இருந்த மனைவியிடம் நீட்டினார்.

“எட்னா, நீ ஊத்திப் பாரு.”

எட்னாவுக்கு எண்பது இருக்கும். விரல்கள் முடிச்சு முடிச்சாக வளைந்து, ஓயாமல் நடுங்கின. லொரெய்ன் சோதனைக்குக் கொடுத்த தண்ணீர்க் குப்பியை வாங்கி, வேப்பின் பக்கவாட்டில் திரவம் நிரப்புவதற்காக இருந்த சின்ன ஓட்டையில் ஊற்றப் பார்த்தாள். முக்கால்வாசி மடியில் கொட்டியது.

“சரிப்படாது. வேற?” என்றார் வில்ஃப்.

அடுத்ததை எடுத்தாள்.

“இதுல ஆவி மேகம் மாதிரி வரும். ருசியும் தூக்கலா இருக்கும். ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்களேன்.”

“அது கிடக்கட்டும். எட்னா, பாரு.”

மூடியைத் திறக்கவே எட்னாவால் முடியவில்லை. மூன்றாவது, கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

“வாய் அகலமா ஒண்ணு வேணும்மா. திறக்கறதும் லேசா இருக்கணும்.”

“ஏன் ஐயா, நீங்களே ஊத்திக்கிட்டா என்ன? ரெண்டு நிமிஷ வேலை.”

“அது அவ வேலை” என்றார் கிழவர், பளிச்சென்று.

லொரெய்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய அப்பாவும் இதே ரகம்தான். மீன்பிடிக் கப்பலில் வேலை; மூன்று வாரம் கடலில், மூன்று நாள் வீட்டில். அந்த மூன்று நாளும் குடித்த தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைக்கமாட்டார். ஆனாலும் அந்த மூன்று நாள் வீடு முழுக்க மீன் வாடையும் சிரிப்புமாக என்ன அமர்க்களமாக இருக்கும்! இப்போது துறைமுகத்தில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள்தான் நிற்கின்றன.

“சிகரெட்டும் நான்தான் சுத்திக் குடுப்பேன்” என்றாள் எட்னா திடீரென்று. “இவரு மீன் பிடிக்க ஐஸ்லாந்து வரைக்கும் போயிட்டு வரணுமே. ஒரு தகர டப்பா நிறையச் சுத்துவேன்.”

“வழியனுப்பத் துறைமுகத்துக்கும் போவீங்களா?” லொரெய்ன் பேச்சுக்குக் கேட்டாள்.

“ஐயையோ! நீ இந்த ஊர்க்காரிதானே பொண்ணு? கையாட்டினா கடல் கொண்டுபோயிடாதா? டப்பாவைக் கையில குடுத்துட்டுத் திரும்பிக்கணும். ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

லொரெய்ன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா கிளம்பும் நாளில் அம்மா துணி துவைக்கமாட்டாள்; துவைத்தால் ஆளையும் கடல் அடித்துக்கொண்டு போய்விடுமாம். போய் வா என்று சொல்லமாட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே நிற்பாள். எப்படி மறந்துபோனோம் என்று வெட்கமாக இருந்தது. அம்மாவின் முதுகு கண்ணெதிரே வந்து நின்றது.

உள்ளே போய்த் தேடி, பெட்டி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியை விரலால் தள்ளினாலே போதும், வாய் அகலமாகத் திறந்தது.

எட்னா ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை வில்ஃபின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாவம், அலுத்துவிட்டது என்று நினைத்தாள் லொரெய்ன்.

“இதேதான்!” கிழவர் பல் தெரியச் சிரித்தார். “முப்பத்தெட்டு பவுண்டா? கட்டிக் குடு.”

அதற்குமேல் லொரெய்னால் அடக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தக் கையை வச்சுக்கிட்டு இருக்கறவங்களை இப்படி வேலை வாங்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

அவர் பணப்பையைத் திறந்து நோட்டுகளை எண்ணினார்.

“சரி, நிக்கோட்டின் எவ்வளவு? ஆறு மில்லிகிராமா, பன்னெண்டா?”

“ஒண்ணும் வேணாம். பச்சத் தண்ணி போதும். நான் இழுக்கறதை விட்டு ஆறு வருஷமாச்சு.”

“அப்ப இது யாருக்கு?”

வில்ஃப் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜைமேல் குனிந்தார்.

“அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா. நான் இன்னும் கடலுக்குப் போறேன்னு நினைப்பு. தினம் காலையில நிரப்பிக் குடுப்பா. வாங்கிக்கிட்டுத் தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவேன், நிம்மதியா இருப்பா. போன வாரம் பழசுல அவளால ஊத்தவே முடியல. வெறுங்கையோட போயிட்டாரு, கப்பல் முழுகிடுச்சுன்னு பொழுது சாயற வரைக்கும் அழுதாம்மா… என் தோள்லயே சாஞ்சுக்கிட்டு.”