பூமிக்கு வைத்த பொட்டு

பிரபஞ்சமானது இன்று காலை பத்தரை மணிக்கு, பல்கலைக்கழக நூலகத்தின் முதல் மாடியில், மாண்பமை துணைவேந்தர் அவர்களின் திருக்கரங்களால் திறந்துவைக்கப்படும்.

அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது.

பத்தரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கண்ணாடிப் பெட்டியின் மேல் போர்த்தியிருந்த பட்டுத் துணியை அவள் லேசாக விலக்கிப் பார்த்தாள்.

உடனே மூடினாள்.

மறுபடி விலக்கினாள். அது அங்கேயே இருந்தது.

ஐந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் இத்தாலியில் கன்றுத்தோலில் எழுதிய சுவடி. வானத்தைப் பற்றிக் கிரேக்கர்கள் யோசித்ததெல்லாம் லத்தீனில். விரித்து வைத்த பக்கத்தில் ஒரு படம். நடுவில் பூமி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சந்திரன், சூரியன், மற்ற கிரகங்கள்.

பூமியைக் காணோம்.

அந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

சுவடிக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருப்பவள் அவள்.

நூலக உதவியாளர் மாசிலாமணி பக்கத்தில் வந்து நின்றார். கடமையைச் செய்து முடித்த களை முகத்தில்.

“நேத்து சரஸ்வதி பூஜைக்கு எல்லா புக்குக்கும் வெச்சேன் மேடம். பெட்டியப் பூட்டுறதுக்கு முன்னால இதுக்கும். இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?”

“அதுக்கு... நடுவுலயா?”

“நவக்கிரகம் போட்டிருக்கே. நடுவுல சூரிய பகவான்தானே நிப்பாரு?”

கிரேக்கர்கள் அரும்பாடுபட்டு நடுவில் உட்காரவைத்த பூமியை, மாசிலாமணி மோதிர விரலால் எழுப்பி விட்டிருந்தார்.



பெட்டிச் சாவி கீழே, துணைவேந்தருக்காக வெள்ளித் தட்டில். கையில் இருந்தாலும்தான் என்ன செய்ய? சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. துடைத்தால் மை கரையும். சுரண்டினால் வண்ணமும் சேர்ந்து பெயரும்.

சுவடியைச் சோதித்துச் சான்று தர ரோமிலிருந்து பேராசிரியர் வேறு வருகிறார். அவரை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய மின்னஞ்சல்கள் மனப்பாடம். வெளிச்சம் படக் கூடாது. ஈரம் படக் கூடாது. விரல் படவே கூடாது.

பதினாறு வருட வேலை. இன்றோடு சரி.

படியில் நாதஸ்வரம் ஏறி வந்தது. பின்னால் மாலைகள். மாலைகளுக்குள் துணைவேந்தர். அவருக்குப் பின்னால், உயரமாக, சிவந்த முகத்தோடு, இத்தாலியர்.

துணைவேந்தர் பட்டுத் துணியை இழுத்தார். பொட்டைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

கூட்டமும் கும்பிட்டது.

இத்தாலியர் குனிந்தார். மூக்கு பெட்டியின் கண்ணாடியில் பட்டது. நெடுநேரம் நிமிரவேயில்லை.

அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்தார். அவளையே பார்த்தார். பிறகு, பெட்டி நின்ற கருங்கல் பீடத்தை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

துணைவேந்தரின் பி.ஏ. அவள் பக்கம் சாய்ந்தார்.

“என்ன மேடம், இப்படி வேர்க்குது? இவரு ஓசூருக்கு கிரானைட் வாங்க வந்தவரு. புரொஃபசர் ஃப்ளைட்ட விட்டுட்டாரு. ஃபங்ஷனுக்கு ஒரு இத்தாலிக்காரர் வேணும்ல? ஹோட்டல்ல இவர்தான் சிக்குனாரு.”

அவளுக்கு மூச்சு வந்தது. சிரிப்புகூட வந்தது.

பேராசிரியர் நாளைக் காலை வருகிறார்.