வயரிங் சரியில்லை

"இந்த வீட்ல இனிமே ஆள் இருக்கக் கூடாதுன்னு நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க. நாங்க சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாங்க."

எலக்ட்ரீஷியன் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் வீட்டுக்கார அம்மாவின் தம்பி ஆரம்பித்துவிட்டார்.

அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு சட்டைக்குக் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. முழங்கையில் கட்டு.

"போன திங்கட்கிழமை மெஷினைத் தொட்டு ஷாக் அடிச்சு விழுந்திருக்காங்க," என்றாள் தம்பி மனைவி. "பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை நாங்க வந்துட்டுப் போனப்ப நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. மறுநாளே இப்படி."

"விழலை. உட்கார்ந்துட்டேன்," என்றார் அக்கா.

"எங்க மாடி ரூம் சும்மாதானே இருக்கு அண்ணி. மெஷினையும் தூக்கிட்டு வந்துடலாம்."

"நான் எங்கேயும் வரலை."

"பார்த்தீங்களா?" என்றார் தம்பி. "அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவங்க. இவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் என்னைத்தானே கேட்பாங்க?"

எலக்ட்ரீஷியனுக்கே எரிச்சலாக இருந்தது. எத்தனை வீடுகளைப் பார்க்கிறார். பெற்ற தாயையே பாரமாக நினைக்கிறவர்கள் நடுவில் இப்படி ஒரு தம்பி, இப்படி ஒரு தம்பி மனைவி.

"கூப்பிடறப்பவே போயிடுங்கம்மா," என்றார். "எல்லாருக்கும் இது அமையாது. உயிரைவிட வீடா பெருசு?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

தம்பிக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். மனைவி காபி போட உள்ளே போனாள்.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு ஹாலில் இருந்த இரண்டு சுவிட்ச் போர்டுகளைத் திறந்தார். பழசுதான். ஆனால் வயர் உறுதியாக இருந்தது. அந்தக் காலத்து ஆள் யாரோ பொறுமையாக வேலை செய்திருக்கிறார்.

கடைசியாக, மெஷினுக்குப் பக்கத்துப் போர்டைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

ஜன்னல் வழியாகத் தம்பியின் குரல் கேட்டது.

"இந்த மாசம் காலி ஆயிடும் சார். இடிக்கற ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க. இல்ல இல்ல, கையெழுத்துப் போட்டுடுவாங்க. நல்லா பயந்துபோய்த்தான் இருக்காங்க."

எலக்ட்ரீஷியன் டார்ச்சை அணைத்தார். அக்காவின் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, வீட்டு வயரிங்ல ஒரு கோளாறும் இல்லை. இந்த ஒரு பாயிண்ட்ல மட்டும் கரண்ட் வர்ற வயரை யாரோ பிளேடால சீவி விட்டிருக்காங்க. எலி கடிச்சா பல் தடம் இருக்கும். எர்த்தையும் கழட்டி அதுமேல படற மாதிரி மடக்கி வெச்சிருக்காங்க. அதான் மெஷின்ல கரண்ட் ஏறியிருக்கு. பத்து நிமிஷ வேலை. நீங்க எங்கேயும் போக வேண்டாம். அவங்க வரட்டும், நானே சொல்றேன்."

அக்காவின் ஊசி பாதித் தையலில் நின்றது.

தம்பி மனைவி காபியோடு வந்தாள். பின்னாலேயே தம்பியும் வந்தார்.

"என்ன, பார்த்தாச்சா?"

எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"பார்த்துட்டார். வயரிங் சரியில்லையாம். வீடு பூராவும் பாழாப்போச்சாம். எப்ப வேணாலும் தீப்பிடிக்குமாம். நான் உங்களோடவே வந்துடறேன்."

தம்பி ஒரு நிமிடம் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அதானே நானும் சொன்னேன்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தான் நிம்மதி அண்ணி. உங்களை நினைச்சு ஒரு வாரமா இவர் சரியா சாப்பிடக்கூட இல்லை."

எலக்ட்ரீஷியன் காபியைத் தொடவில்லை. சீவிய வயரை வெட்டி எறிந்து, புது வயர் போட்டு, எர்த்தை முறுக்கி, போர்டை மூடினார்.

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குங்க?" என்றார் தம்பி.

"இருக்கற வரைக்கும் அவங்க தொடணுமே," என்றார் எலக்ட்ரீஷியன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"அந்த ஞாயித்துக்கிழமை பின்பக்கம் துணி காயப்போட்டுட்டிருந்தேன். ஜன்னல் வழியா பார்த்தா, தம்பி மெஷின்கிட்ட உட்கார்ந்து போர்டைக் கழட்டிட்டிருக்கான். அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னு புலம்பியிருந்தேன். அதான் சரி பண்றான், நம்ம மேல எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன். மனசு குளிர்ந்துபோச்சு. மறுநாள்தான் தூக்கிப் போட்டுச்சு."

எலக்ட்ரீஷியன் பையைக் கீழே வைத்தார்.

"பிடிவாதம் பிடிச்சே காலத்தை ஓட்டிடலாம்னுதான் இருந்தேன். நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு நினைக்கலை."

"நல்லதுதானேம்மா? உங்க தம்பி சம்சாரத்துக்கு இது தெரியாது போல. அவங்க முன்னாடியே போட்டு உடைச்சிருக்கலாமே. வீடாவது மிஞ்சியிருக்கும்."

அக்கா திரும்பிப் பார்த்தார். உள்ளே தம்பி மனைவி, அக்காவின் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வீடு மிஞ்சும்," என்றார் அக்கா. "அவளுக்கு என்னங்க மிஞ்சும்?"